பம்பாயில் இருக்கிறார்

கடல் தாண்டியவனின் கை கோயில் மடைப்பள்ளிப் பாத்திரத்தைத் தொடக்கூடாது என்று எங்கள் வீட்டில் நம்பினார்கள். கடல் தாண்டியது எவருக்கும் தெரியாவிட்டால் தொடலாம் என்றும் நம்பினார்கள். இந்த இரண்டு நம்பிக்கைகளுக்கும் நடுவில் என் பத்தாவது வயது கழிந்தது.

இதைப் படிக்கும் உங்களில் பெரும்பாலோர் என் வயதினர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தெருவுக்கு ஒருவராவது வெளிநாடு போனதைப் பார்த்திருப்பீர்கள். போனவர் வீட்டுக் குளியலறையிலிருந்து வரும் அயல்நாட்டு சோப்பின் மணம் தெருமுனை வரை எட்டும். கொடியில் உலரும் துண்டின் தடிமனைக் கண்டே ஊர்ப் பெயரைச் சொல்லிவிடலாம். அவர்கள் எதையும் மறைக்கவில்லை. நாங்கள் மறைத்தோம்.

சின்னக் காஞ்சிபுரத்தில் பெருமாளுக்குப் பரம்பரையாகத் தளிகை செய்த நான்கு குடும்பங்களில் எங்களுடையது ஒன்று. மாதத்தில் ஒரு வாரம் எங்கள் முறை. அப்பாவும் அவருடைய அண்ணாவான என் பெரியப்பாவும் விடியலுக்கு முன் நீராடி, ஈர வேட்டியோடு மடைப்பள்ளிக்குப் போவார்கள். மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில் மாவை வார்த்து, மணிக்கணக்கில் ஆவியில் வைத்துக் கோயில் இட்லி எடுப்பது அப்பாவின் வேலை. அவர் வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே நெய்யில் வறுத்த சுக்கும் மிளகும் நுழைந்துவிடும். எத்தனை முறை கை கழுவினாலும் அந்த மணம் போகாது. என் தலையை வாரிவிட்டால் பள்ளிக்கூடம் வரை அது என்னோடு வரும்.

வீடு பெரியப்பாவின் பொறுப்பில் இருந்தது. எங்களுக்கென்று ஓர் அறை. கோயிலிலிருந்து வருவது எதுவானாலும் பெரியப்பாவின் கைக்குப் போய்த்தான் பிரியும். என் செருப்பு வார் அறுந்தால்கூட அப்பா தன் அண்ணாவிடம் போய் நிற்க வேண்டும். சமையலறை பெரியம்மாவுடையது. பெரியம்மா கடுமையானவள் அல்லள். ஆனால் மணமாகிப் பதினோரு ஆண்டுகளில், இன்றைக்கு என்ன குழம்பு என்று ஒரு நாளும் என் அம்மா முடிவு செய்ததில்லை.

இந்த நிலையில்தான் அமெரிக்காவில் ஓர் ஊரில் புதிதாகக் கோயில் கட்டியவர்கள், குடமுழுக்குக்கும் அதைத் தொடர்ந்த ஆறு மாதத்துக்கும் அப்பாவை அழைத்தார்கள். உற்சவத்துக்கு வந்து அவர் கைப் பிரசாதத்தை உண்டிருந்த ஒருவர் சொன்னதால் வந்த அழைப்பு. பிடித்துப்போனால் நிரந்தரம், குடும்பத்தையும் வரவழைத்துக்கொள்ளலாம் என்றார்கள்.

"கோயிலுக்குப் பின்னாடியே ரெண்டு ரூம். தனிச் சமையல்கட்டு," என்று அப்பா சொன்னார்.

அம்மா முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள். "ஜன்னல் இருக்கா?"

"எந்த ரூமுக்கு?"

"சமையல்கட்டுக்கு."

கேட்டு எழுதுகிறேன் என்று அப்பா சிரித்தார். அவர் அப்படிப் பல் தெரியச் சிரித்து நான் பார்த்த நாட்கள் குறைவு.

பெரியப்பா தடுக்கவில்லை. அதுதான் எங்களுக்கு வியப்பு. அவரே வழியும் சொன்னார். "ஆறு மாசந்தானே, போய்ட்டு வா. பம்பாய்ல ஒரு டிரஸ்ட் கோயில்ல தளிகைன்னு சொல்லிக்கலாம். வந்து நின்னப்புறம் யார் கேக்கப் போறா?" தம்பி ஆறு மாதத்தில் திரும்பி முறைக்கு நிற்பான் என்று அவர் நம்பினார். ஆறு மாதத்துக்குப் பின் மனைவியும் மகளும் வந்து சேர்வார்கள் என்று அப்பா நம்பினார். ஒருவர் நினைப்பதைத்தான் மற்றவரும் நினைக்கிறார் என்று இருவரும் எண்ணிக்கொண்டார்கள். எதிரெதிரே அமர்ந்து சாப்பிடும் அண்ணன் தம்பிகள் அதை வாய்விட்டுக் கேட்டுக்கொள்ளவே இல்லை.

புரட்டாசி முடிந்ததும் அப்பா புறப்பட்டார். தெருவுக்குக் காட்ட ஒரு படுக்கைச் சுருளும், ரயிலில் தண்ணீர் குடிக்க ஒரு கூஜாவும் எடுத்துக்கொண்டார். பெரிய பெட்டியை இரண்டு நாள் முன்பே சென்னையில் ஒரு நண்பர் வீட்டுக்கு அனுப்பியாகிவிட்டது. எதிர்வீட்டு மாமா, "பம்பாய்ல மழை ஜாஸ்தி, குடை எடுத்துண்டீரா?" என்று கேட்டார். அப்பா மறுபடி உள்ளே வந்து குடையையும் எடுத்துக்கொண்டார்.

எங்கள் தெருவில் தொலைபேசி இருந்த வீடுகள் மூன்று. அவற்றில் எதிலும் பேச முடியாது. பெரிய காஞ்சிபுரத்தில், அம்மாவோடு பள்ளியில் படித்த ஒருத்தி பட்டுக்கடைக்காரரின் மனைவியாக இருந்தாள். கூடத்தில் தறியின் ஓசையும் மாடியில் கடையும் உள்ள வீடு. ஞாயிறு காலையில், சிவன் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு தோழியைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு அம்மாவும் நானும் நகரப் பேருந்தில் அங்கே போவோம். அப்பாவின் கடிதங்களும் அந்த முகவரிக்குத்தான் வந்தன.

"வாங்க மாமி, உக்காருங்க. உங்க பம்பாய்காரரு இன்னும் கூப்புடல," என்பாள் கடைக்காரம்மா. ஒரு நாள் தொலைபேசியில் அப்பா, இங்கே இரவாகிவிட்டது, சன்னிதி சாத்தியாகிவிட்டது என்று உரக்கச் சொன்னது அவள் காதிலும் விழுந்தது. அம்மா தொலைபேசியை வைத்ததும் அவள் கேட்டாள். "இன்னா மாமி, நமக்குப் பொழுது விடிஞ்சிக்கினு இருக்குது, பம்பாய்ல மட்டும் ராத்திரியா?"

அம்மா தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு எழுந்தாள்.

"நான் ஒண்ணும் கேக்கலமா. நீங்க பம்பாய்னா எனக்கும் பம்பாய்தான். காப்பி ஆறுது, குடிங்க."

அப்பாவின் பேச்சில் பாதி மாவைப் பற்றித்தான். "புளிக்கவே மாட்டேங்கறதுடி. ரெண்டு நாள் ஆனாலும் தூங்கிண்டே இருக்கு. கம்பளி போத்தி, வெந்நீர் பாய்லர் பக்கத்துல குழந்தை மாதிரி படுக்க வெச்சிருக்கேன்." என்னிடம் பனியைப் பற்றிச் சொல்வார். "அரிசி மாவைச் சலிச்சாப்பல கொட்டறது குட்டி. சத்தமே கிடையாது." குரல் ஒரு கணம் தாமதித்து வரும். நான் பேசி முடித்த சொல் எனக்கே திரும்பிக் கேட்கும். அந்த எதிரொலியை அப்பா என்று எண்ணிப் பலமுறை பதில் சொல்லியிருக்கிறேன்.

கார்த்திகையில் அம்மா சென்னைக்குப் போனபோது நடைபாதைக் கடையில் இரண்டு கம்பளிச் சட்டைகள் வாங்கி வந்தாள். என்னுடையது அரக்கு நிறம். புளிப் பானைகளுக்கும் பழைய அண்டாக்களுக்கும் நடுவே, சாமான் அறையின் கதவைச் சாத்திக்கொண்டு அதைப் போட்டு உட்காரச் சொல்வாள். "பழகிக்கோ. அங்க போய்க் குத்தறதுன்னு அழப்படாது." கழுத்தோரம் அரிக்கும், வியர்வை காதுக்குப் பின்னால் இறங்கும். ஒருமுறை பெரியம்மா புளி எடுக்கக் கதவைத் திறந்துவிட்டாள். என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். "காய்ச்சலா குழந்தைக்கு?" என்று கேட்டாள். ஆமாம் என்றாள் அம்மா. பெரியம்மா புளியை எடுக்காமலே கதவைச் சாத்திவிட்டுப் போனாள். இரவு எனக்கு மட்டும் காய்ச்சலுக்கான ரசம், மிளகு சாத்தமுது வந்தது. அந்தச் சட்டை பின்னர் எங்கே போயிற்று என்று எவ்வளவு நினைத்தும் எனக்குத் தெரியவில்லை.

தை மாதத்து ஞாயிறு ஒன்றில் அப்பா மாவைப் பற்றிப் பேசவில்லை. அங்கே அவரை நிரந்தரமாக வைத்துக்கொள்ள முடிவு செய்துவிட்டார்களாம். ஆனால் அவர் விருந்தினர் விசாவில் நுழைந்தவர். அந்த ஆறு மாதம் முடிவதற்குள் கோயில் ஊழியர் என்று மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றினால்தான் எங்களை அழைக்கலாம். அதற்கு ஒரே ஒரு காகிதம் குறைகிறது. இத்தனை ஆண்டுகளாக இந்தக் கோயில் மடைப்பள்ளியில் கைங்கரியம் செய்தார் என்று நம் கோயில் அலுவலகம் எழுதித் தர வேண்டும்.

"பங்குனிக்குள்ள வந்தாகணும். நாள் கடந்தா இவாளால ஒண்ணும் பண்ண முடியாதாம். அண்ணாகிட்ட சொல்லி வாங்கி அனுப்பச் சொல்லு," என்றார்.

அந்தக் காகிதத்தைக் கேட்டால், அவர் பம்பாயில் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். சொன்னால் முறை போய்விடும். எங்கள் வீட்டின் முன் நின்ற கேள்வி இவ்வளவுதான். பத்து வயதுக் குழந்தைக்கே புரிந்தது.

கணவரின் அண்ணாவோடு நேருக்கு நேர் பேசும் வழக்கம் அம்மாவுக்கு இல்லை. ஏதும் சொல்வதென்றால் அவள் கதவுக்குப் பின்னால் நிற்பாள். நான் நடுவில் நிற்பேன். இருவர் குரலும் இருவருக்கும் நன்றாகவே கேட்கும். ஆனாலும் பேச்சு என் வழியாகத்தான் போய் வரும்.

"பெரியப்பாகிட்ட சொல்லு, ஒரு காகிதம் வாங்கித் தரணுமாம்."

பெரியப்பா சொம்பைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். "உங்கம்மாகிட்ட சொல்லு. இன்னும் ரெண்டு மாசம். அவன் வந்துடுவான்."

"அவர் வரமாட்டார்னு சொல்லு. நம்மளை அழைச்சுக்கப் போறார்னு சொல்லு."

நான் சொல்லத் தொடங்குவதற்குள் பெரியப்பா சொம்பைக் கீழே வைத்தார். "அவன் வருவான். அந்தக் கைக்கு வேற எங்க வேலை இருக்கு? முறையை ஒரு தடவை விட்டா நம்மாத்துக்குத் திரும்பி வராது. அப்புறம் நாளைக்கு அவனே வந்து, ஏன் விட்டேள்னு என்னைத்தான் கேப்பான். சொல்லு உங்கம்மாகிட்ட."

மாசியிலும் பங்குனியிலும் இதே உரையாடல் நடந்தது. சொற்கள்கூட மாறவில்லை, குரல்தான் ஒவ்வொரு முறையும் தணிந்தது. ஒவ்வொரு ஞாயிறும் அப்பா கேட்டார். "அண்ணா கேட்டுண்டிருக்கார்," என்று அம்மா சொன்னாள். அவள் அப்பாவிடம் சொன்ன ஒரே பொய் அதுதான் என்று நினைக்கிறேன். அண்ணன் மறுக்கிறார் என்று தம்பியிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கினாள். எப்படியும் கிடைத்துவிடும் என்று நம்பவும் செய்தாள்.

பங்குனி உத்திரத்தன்று கோயிலில் கூட்டம் நெரிந்தது. பெரியப்பாவுக்கு உதவியாக, மற்றொரு கிளையைச் சேர்ந்த ஒருவர் அப்பாவுக்குப் பதிலாக நின்றார். பெரியப்பா வீட்டுக்கு வந்து, "இன்னும் பதினஞ்சே நாள்," என்று சொல்லித் தூணில் சாய்ந்து உட்கார்ந்தார். அப்பா வரவேண்டிய நாளில் பெரியப்பா தெருமுனை வரை போய் நின்றார். மறுநாளும் போனார்.

அடுத்த ஞாயிறு அப்பா அழைத்தார். நான் கேட்டது அம்மாவின் பக்கத்தை மட்டும். "சரி... சரி... எத்தனை நாள் ஆச்சு?... அப்படின்னா?" பிறகு கேட்டுக்கொண்டே இருந்தாள். தறி ஓசை மட்டும் கீழிருந்து வந்துகொண்டிருந்தது. வைத்த பிறகு கடைக்காரம்மாவிடம், "அவர் வரலை. நாள் கடந்துடுத்து. இனிமே இங்க வந்தா அங்க திரும்பப் போக முடியாதாம். அங்கயே இருந்தா எங்களைக் கூப்பிட முடியாதாம்," என்றாள். அவளிடம் அம்மா பம்பாயை விட்டுப் பேசியது அதுவே முதல் முறை.

கடைக்காரம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "கோயில்ல போய் அந்தக் காகிதத்த நேராவே கேட்டுடு மாமி. இன்னும் யாருக்குப் பயந்துக்கினு இருக்கற?"

மறுநாள் காலை அம்மா கதவுக்குப் பின்னால் நிற்கவில்லை. கூடத்துக்கு வந்து பெரியப்பாவின் முன் நின்று, "நான் கோயில் ஆபீசுக்குப் போய்ட்டு வரேன்," என்றாள். பெரியப்பா அண்ணாந்து பார்த்தார். அவர் உதடு அசைந்தது. என்னைத் தேடின அவர் கண்கள். பதில் சொல்ல அவருக்கு நான் வேண்டியிருந்தது. அதற்குள் அம்மா படி இறங்கிவிட்டாள். நான் பின்னால் ஓடினேன்.

கோயில் நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்ட மணியக்காரர் முதியவர். மேசையில் சந்தனமும் மையும் கலந்த மணம். அம்மா உட்காரவில்லை. வழியெல்லாம் மனத்துக்குள் சொல்லிப் பார்த்திருப்பாள் போலும், ஒரே மூச்சில் சொன்னாள். "எங்காத்துக்காரர் பம்பாய்ல இல்லே. அமெரிக்காவில இருக்கார். முறை போறதுன்னா போகட்டும். இங்க தளிகை பண்ணினார்னு ஒரு காகிதம் வேணும்."

அவர் பேனாவை மூடி வைத்தார். "உக்காருங்கோம்மா. இது தெரியாத விஷயமா? ஐப்பசியிலேயே தெரியும். நம்ம தெருக்காரரே ஏர்போர்ட்டுல பார்த்திருக்கார்."

"எல்லாருக்குமா?"

"தெருவுக்கே தெரியும். உங்காத்துப் பெரியவர் தினம் வந்து, தம்பி பம்பாய்ல சௌக்கியம்ங்கறார். அவர் மூஞ்சியைப் பார்த்து, நீர் சொல்றது பொய்யின்னு எப்படிச் சொல்றது? நீங்க கேட்டிருந்தா அன்னிக்கே எழுதிக் கொடுத்திருப்பேன். நாங்களா எடுத்துப் பேசினா உங்களுக்கு அவமானமாப் போயிடுமேன்னு இருந்துட்டோம்."

"முறை?"

அவர் மூடிய பேனாவை மேசைமேல் நகர்த்தி வைத்தார். "அது மார்கழியிலேயே அடுத்த கிளைக்கு எழுதியாச்சு. உங்காத்துப் பங்கை மட்டும் நிறுத்த வேண்டாம்னு அந்தக் கிளைக்காரரே சொல்லிட்டார். பெரியவர்கிட்ட மெதுவாச் சொல்லிக்கலாம்னு..."

பதிலுக்கு நிற்பவர் என்று பெரியப்பா எண்ணியிருந்தவர், அதற்குள் உரியவராகியிருந்தார். தையில் காகிதம் கேட்கலாமா என்று நாங்கள் தவித்தபோது, காக்க வேண்டிய முறையே எங்களிடம் இல்லை. தெரிந்தவர்கள் எங்கள் மானத்துக்காக வாய் மூடியிருந்தார்கள். நாங்கள் அவர்களுக்குத் தெரியாது என்று வாய் மூடியிருந்தோம். இப்படிப்பட்ட மரியாதையை நான் வேறெந்த ஊரிலும் கண்டதில்லை, காணவும் விரும்பவில்லை.

காகிதத்தைத் தட்டச்சு செய்து, முத்திரை வைத்துத் தர அரைமணி நேரம் ஆயிற்று. அவ்வளவுதான் ஆயிற்று.

அன்றே அனுப்பினோம். அது போய்ச் சேர்ந்தபோது அங்கே கெடு முடிந்து ஒரு மாதம் கடந்திருந்தது. வழக்கறிஞர் பார்த்துவிட்டு, முன்பே வந்திருந்தால் எளிதாக முடிந்திருக்கும் என்றாராம். உரிய தாள் இல்லாத ஒருவரை வைத்துக்கொள்ள அந்தக் கோயிலார் அஞ்சினார்கள். சால்வை போர்த்தி வழியனுப்பினார்கள். அப்பா வேறோர் ஊரில் ஓர் உணவகத்தின் சமையலறையில் சேர்ந்தார். திரும்பி வந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன், பத்தொன்பது வயதில், தொலைபேசியில். "எங்க வரது குட்டி? வெறுங்கையோட வந்து அண்ணா முன்னாடியா?" என்றார். என்றாவது சட்டம் மாறும், எங்களை அழைத்துக்கொள்ளலாம் என்று அங்கே எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்களாம். அவரும் அதை நம்பியிருந்தார்.

மணியக்காரர் சொன்னதை அம்மா பெரியப்பாவிடம் சொல்லவில்லை. "ஏம்மா?" என்று கேட்டதற்கு, "சொல்லி? அவருக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான்," என்றாள். பெரியப்பா தெருவில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் தம்பி பம்பாயில் இருக்கிறான் என்று ஆண்டுக்கணக்கில் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். எதிர்வீட்டு மாமா மழையைப் பற்றி விசாரித்தார்.

நான் வெகுகாலம் பெரியப்பாவைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவரை மன்னிக்க வேண்டும் என்றுகூடத் தோன்றியதில்லை. இப்போது அந்தக் கூடத்தை நினைத்தால் சொம்பு தெரிகிறது, புளி தெரிகிறது, அதைத் தேய்த்த வலக்கையின் நடுக்கமும் தெரிகிறது. அன்றே அவரால் வெண்கலத் தவலையைத் தனியாக இறக்க முடியாது. அதை அவர் எவரிடமும் சொன்னதில்லை. தம்பி இல்லாவிட்டால் தன் கையும் மடைப்பள்ளியை விட்டு வெளியேற வேண்டியதுதான் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். அவர் அஞ்சியதை நாங்கள் அதிகாரம் என்று எடுத்துக்கொண்டோம்.

கடைசியில் அவர் படுக்கையில் விழுந்தபோது அம்மாதான் கஞ்சி புகட்டினாள். நடுவில் ஆள் தேவைப்படாமல் இருவரும் பேசிக்கொள்ளப் பழகியிருந்தார்கள். ஒரு மாலை அவர் கேட்டார். "அவனுக்கு ரயில் டிக்கெட் கிடைக்கலையாமா?"

"கூட்டமா இருக்காம். கிடைச்சதும் வந்துடுவார்," என்றாள் அம்மா.

பெரியப்பா அந்தப் பங்குனியில் போனார். பெரியம்மா இரண்டு ஆண்டுகள் கழித்து. நான் வேலைக்குச் சேர்ந்த ஆண்டில், உணவகத்தில் அப்பாவோடு வேலை செய்த தெலுங்குக்காரர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, அரைகுறைத் தமிழில் செய்தி சொன்னார். மாரடைப்பு, வேலைக்குப் புறப்படும்போது. அவர்களே அங்கு எல்லாவற்றையும் செய்து முடித்தார்கள்.

வீட்டில் அம்மாவும் நானும் இருக்கிறோம்.